பிபிஎஃப் நிரலை ஏற்றும்போது டீபக் வெளியீட்டை அளவோடு வைத்துக்கொள்வது எப்படி

பிபிஎஃப் நிரல் என்பது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். அது கர்னலில் ஏற மறுத்தால், பெரும்பாலானவர்கள் உடனே பிபிஎஃப்டூல் என்ற கட்டளைக் கருவிக்கு ‘--டீபக்’ (பிழை தேட விவரம் காட்டு) கொடுத்துத் திரும்ப ஓட்டுகிறார்கள். திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடி முடிகின்றன. தேவைப்பட்ட ஒரு வரி அதற்குள் எங்கோ கிடக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் லோடர் (நிரல்களைக் கர்னலில் ஏற்றும் மென்பொருள்), நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கையாளும் பல நிரல்களை ஒரே ஆப்ஜெக்ட் கோப்பிலிருந்து ஏற்றுகிறது. அது தோற்றுப்போனால் லாக் (நடந்ததைச் சொல்லும் பதிவு) என்னிடம்தான் வரும். அப்படி வரும் லாகுகளில் பாதிக்கு மேல் தேவையில்லாத விவரம், அல்லது தேவையான விவரமே இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: யாரிடம் விவரம் கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் எல்லாரையும் சேர்த்துப் பேசவிடுவது.

கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

பேசுபவர்கள் மூன்று பேர். முதலாவது, லிப்பிபிஎஃப் என்ற நூலகம். இது பயனர் பக்கத்தில் இருக்கிறது; எல்ஃப் வடிவ ஆப்ஜெக்ட் கோப்பைத் திறப்பது, பிடிஎஃப் என்ற வகைத் தகவலைப் படிப்பது, நிரல் தரவு வைக்கும் மேப்புகளை உருவாக்குவது, ரீலொக்கேஷன்களை, அதாவது ஏற்றும்போது நிரப்ப வேண்டிய இடங்களை, தீர்ப்பது எல்லாம் இதன் வேலை. இதன் வரிகள் ‘லிப்பிபிஎஃப்:’ என்ற முன்னொட்டோடு வரும். இரண்டாவது, கர்னலுக்குள் இருக்கும் வெரிஃபையர். நிரல் பாதுகாப்பானதா என்று ஒவ்வொரு பாதையாக நடந்து பார்ப்பது இதுதான். இது நேரடியாகத் திரையில் எழுதாது. நிரலை ஏற்றும் சிஸ்டம் காலில் (கர்னலுக்கான அழைப்பில்) நாம் கொடுக்கும் பஃபரில், அதாவது ஒதுக்கிவைத்த நினைவகத்தில், எழுதிவைக்கும். அதை எடுத்துக் காட்டுவது லோடரின் பொறுப்பு. மூன்றாவது, ஏறி ஓடத் தொடங்கிய பிறகு நிரலே ‘பிபிஎஃப்_பிரிண்ட்கே’ மூலம் சொல்வது. மூன்றுக்கும் கட்டுப்பாடு தனித்தனி. ஒன்றைக் கூட்டினால் மற்றது தானாக அதிகரிக்காது.

முதலில் சும்மா ஓட்டுங்கள்

பிபிஎஃப்டூலின் ‘--டீபக்’ அல்லது ‘-டி’ என்ன செய்கிறது என்று தெரிந்தால், அதை எப்போது தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அது லிப்பிபிஎஃப்பின் எல்லா நிலை வரிகளையும் திறந்துவிடுகிறது. கூடவே வெரிஃபையரின் லாக் நிலையை 7 ஆக வைக்கிறது. அந்த எண் 1, 2, 4 ஆகிய மூன்று பிட்டுகளின் கூட்டல். அதாவது வெரிஃபையரிடம் இருக்கும் அத்தனை விவரத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. நடுவில் ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்க இந்தக் கருவியில் வழி இல்லை: ஒன்றும் கேட்காமல் இருக்கலாம், அல்லது எல்லாவற்றையும் கேட்கலாம்.

ஆனால் ஒன்றும் கேட்காதபோதும் நமக்குத் தேவையானது பெரும்பாலும் வந்துவிடுகிறது. இன்றைய லிப்பிபிஎஃப், முதல் முறை லாக் கேட்காமலே நிரலை ஏற்றிப் பார்க்கும். கர்னல் மறுத்தால், லாக் நிலை 1 வைத்து மறுபடி ஏற்றும். பஃபர் போதவில்லை என்றால் தானே பெரிதாக்கிக்கொண்டு திரும்ப முயலும். கிடைத்த லாகை எச்சரிக்கை நிலையில், ‘பிகின் ப்ரோக் லோட் லாக்’, ‘எண்ட் ப்ரோக் லோட் லாக்’ என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே அச்சிடும். ஆகவே ‘பிபிஎஃப்டூல் ப்ரோக் லோட்’ என்று ஆப்ஜெக்ட் கோப்பையும், ஏறிய நிரலை நிலைநிறுத்தும் (‘பின்’ செய்யும்) பாதையையும் மட்டும் கொடுத்து ஓட்டினாலே, தோல்விக்கான காரணம் அளவான நீளத்தில் கிடைக்கும். நான் யாரிடமும் முதலில் கேட்பது ‘-டி’ இல்லாத வெளியீட்டைத்தான்.

இந்த வரிகள் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டில்) வரும். ‘2>’ போட்டு ஒரு கோப்பில் பிடித்துக்கொள்ளுங்கள். பிபிஎஃப்டூலின் ஜேசன் வெளியீடு ஸ்டாண்டர்ட் அவுட்டில் போவதால் இரண்டும் கலக்காது.

வெரிஃபையரின் நிலைகள்

இங்கேதான் நேரம் செலவழித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நிலை 1 என்றால், நிரல் தோற்றபோது அந்தத் தோல்விக்கு இட்டுச்சென்ற பாதை மட்டும் கிடைக்கும். வெற்றிகரமாக முடிந்த கிளைகளை வெரிஃபையர் லாகிலிருந்து அழித்துக்கொண்டே போகும். பழைய கர்னல்களில் இப்படி இருக்கவில்லை. பார்த்த பாதை எல்லாம் கொட்டும். அந்த நினைவில்தான் இன்னும் பலர் வெரிஃபையர் லாக் என்றாலே பயப்படுகிறார்கள். நிலை 2 என்றால், நடந்து பார்த்த எல்லாப் பாதைகளும், வெற்றி பெற்றவை உட்பட, ரெஜிஸ்டர் நிலைகளோடு வரும். நிலை 4 தனி ரகம்: இன்ஸ்ட்ரக்ஷன் விவரம் ஒன்றும் இல்லாமல் புள்ளிவிவரம் மட்டும். சரிபார்க்க எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது, ஸ்டாக் எவ்வளவு ஆழம், எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பரிசீலித்தது, எத்தனை ஸ்டேட்டுகளை (ஓட்டத்தின் இடைநிலைகளை) நினைவில் வைத்தது என்பது மட்டும் சில வரிகளில் வந்துவிடும்.

இவை பிட்டுகள் என்பதால் கூட்டிக்கொள்ளலாம். 5 என்றால் தோல்விப் பாதையும் புள்ளிவிவரமும். எங்கள் லோடரை டெவலப்மெண்டில் ஓட்டும்போது நான் வைப்பது 5. தானியங்கிச் சோதனையில் 4 மட்டும். அங்கே எனக்கு வேண்டியது அந்த ‘ப்ராசஸ்ட்’ என்று தொடங்கும் ஒரு வரி. அதில் பரிசீலித்த இன்ஸ்ட்ரக்ஷன்களின் எண்ணிக்கையும், கூடவே வரம்பு 1000000 என்றும் போட்டிருக்கும். ஒரு மாற்றத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை திடீரென்று பல மடங்கு ஏறினால், நிரல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். வேறு பதிப்புக் கர்னலில், வேறு பதிப்பு கிளாங் கம்பைலர் தந்த கோப்பில், அதே நிரல் வரம்பைத் தாண்டலாம். இந்த எண்களை ஒழுங்காகத் தொடர்ந்து பார்க்க, கர்னல் மூலத்தோடு வரும் வெரிஸ்டாட் என்ற கருவி இருக்கிறது. இரண்டு ஓட்டங்களை ஒப்பிட்டு அட்டவணையே தரும். வரம்பு மீறும் சிக்கலுக்கு நிலை 2 லாகைப் படிப்பதைவிட இதுவே முதல் படி.

நிலை 2 எப்போது வேண்டும்? நிரல் ஏறுகிறது, ஆனால் ஒரு லூப்பையோ கிளையையோ வெரிஃபையர் ஏன் இத்தனை முறை சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். அல்லது ஒரு ரெஜிஸ்டரின் எல்லை எந்த இடத்தில் தொலைந்துபோனது என்று வெற்றிப் பாதையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு எதற்கும் நான் அதைத் திறப்பதில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. லிப்பிபிஎஃப் வழியாக வெரிஃபையர் நிலையை 2 அல்லது 4 என்று வைத்துவிட்டு, நிரல் வெற்றிகரமாக ஏறினால், திரையில் ஒன்றுமே வராது. அமைப்பு வேலை செய்யவில்லை என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். லாக் கிடைத்திருக்கும்; ஆனால் வெற்றி பெற்ற நிரலின் லாகை லிப்பிபிஎஃப் டீபக் நிலையில்தான் அச்சிடும். நூலகத்தின் இயல்பான அச்சிடும் ஃபங்ஷன் டீபக் வரிகளைத் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே வெற்றி லாக் வேண்டுமென்றால் இரண்டையும் திறக்க வேண்டும், அல்லது நீங்களே ஒரு பஃபர் கொடுத்து அதிலிருந்து அச்சிட வேண்டும்.

பஃபர் கொடுப்பதாக இருந்தால் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். நாமே கொடுத்த பஃபர் சிறிதாக இருந்தால், லிப்பிபிஎஃப் அதைப் பெரிதாக்க முயலாது. லாக் அடங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, குறையே இல்லாத நிரலைக்கூடக் கர்னல் -28 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும். அதன் செய்தி ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வருவதால் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று தேடப் போகிறவர்கள் உண்டு. 6.4 கர்னல் முதல் பஃபர் போதாதபோது லாகின் கடைசிப் பகுதி தக்கவைக்கப்படுகிறது. மொத்தம் எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பதையும் கர்னல் திருப்பிச் சொல்கிறது. அதற்கு முன்பு முதல் பகுதிதான் மிஞ்சும், காரணம் சொல்லும் கடைசி வரி வெட்டுப்பட்டுப் போகும். பழைய நடத்தையே வேண்டுமென்றால் 8 என்ற பிட்டைச் சேர்க்கலாம், ஆனால் எனக்கு அது தேவைப்பட்டதில்லை. லிப்பிபிஎஃப்பின் ஹெடரில் இதற்காகவே வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய 16 எம்பி. டீபக் செய்யும்போது அதையே பயன்படுத்துங்கள்.

லாக் கையில் கிடைத்ததும் கடைசியிலிருந்து படியுங்கள். புள்ளிவிவர வரிக்குச் சற்று மேலே இருப்பதுதான் தீர்ப்பு. ‘ஆர்0 இன்வேலிட் மெம் ஆக்சஸ்’ என்று வந்து, பக்கத்தில் ‘மேப்_வேல்யூ_ஆர்_நல்’ என்று இருந்தால், மேப்பில் தேடி எடுத்த பாயிண்டர் ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) தானா என்று பார்க்காமல் அதைத் தொட்டிருக்கிறீர்கள். அங்கிருந்து மேலே ஏறி, அந்த ரெஜிஸ்டருக்கு மதிப்பு எங்கே வந்தது என்று பாருங்கள். கிளாங்கில் ‘-ஜி’ போட்டுக் கம்பைல் செய்திருந்தால், அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளில் உங்கள் சி மூலமே லாகின் நடுவே வரும். அது இல்லாத லாகை எனக்கு அனுப்பினால், முதலில் ‘-ஜி’ சேர்த்துக் கம்பைல் செய்து திரும்ப அனுப்பச் சொல்வேன்.

லாக் காலியாக இருந்தால் நிலையைக் கூட்டிப் பயனில்லை. -1, அதாவது ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வந்து வெரிஃபையர் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், பெரும்பாலும் நிரல் வெரிஃபையரிடம் போய்ச் சேரவே இல்லை. உரிமையைப் பாருங்கள்: 5.8 கர்னல் முதல் கேப்_பிபிஎஃப் என்ற தனி உரிமை இருக்கிறது. நெட்வொர்க் நிரலுக்கு அதோடு கேப்_நெட்_அட்மின், ட்ரேசிங் நிரலுக்கு கேப்_பெர்ஃப்மான். 5.11-க்கு முந்தைய கர்னல் என்றால் மெம்லாக் (பூட்டி வைக்கும் நினைவகத்துக்கான) வரம்பையும் பாருங்கள். அங்கே மேப்புக்கும் நிரலுக்கும் ஆகும் நினைவகம் அந்த வரம்பில் கணக்கிடப்படும். வெரிஃபையரே மறுத்தால் பெரும்பாலும் -13 ‘பெர்மிஷன் டினைட்’ அல்லது -22 வரும். -1, -13 இரண்டின் செய்திகளும் உரிமைப் பிரச்சினை போலவே தெரிவதால் எண்ணைப் பார்த்துப் பேசுவது நல்லது.

நூலகத்தின் குரல்

லிப்பிபிஎஃப்புக்கு மூன்று நிலைகள்: எச்சரிக்கை, தகவல், டீபக். இயல்பாக முதல் இரண்டும் ஸ்டாண்டர்ட் எரருக்கு வரும். டீபக் வரிகளைத் திறந்தால் மேப் உருவானது, எந்த செக்ஷன் எந்த நிரல் வகை, எந்த ஃபீல்டு எந்த ஆஃப்செட்டுக்கு மாற்றப்பட்டது என்றெல்லாம் வரும்.

இது இல்லாமல் முடியாத ஒரு இடம் கோ-ரீ ரீலொக்கேஷன், அதாவது ஒரே நிரல் பல கர்னல் பதிப்புகளில் ஓடும்படி ஃபீல்டுகளின் இடத்தை ஏற்றும்போது சரிசெய்வது. வெரிஃபையர் லாகின் கடைசியில் ‘இன்வேலிட் ஃபங்க் அன்நோன்#195896080’ என்று வந்தால், அப்படி ஒரு ஃபங்ஷனை நீங்கள் எங்கும் அழைத்திருக்க மாட்டீர்கள். இந்தக் கர்னலில் இல்லாத ஒரு ஃபீல்டையோ வகையையோ உங்கள் நிரல் கேட்டிருக்கிறது. லிப்பிபிஎஃப் அதைத் தீர்க்க முடியாமல், அந்த இன்ஸ்ட்ரக்ஷனை வேண்டுமென்றே செல்லாத அழைப்பாக மாற்றி, அந்த எண்ணைப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கிளை ஓடவே ஓடாது என்று வெரிஃபையருக்குத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஓடும் என்றால் இந்தப் பிழை. வெரிஃபையர் நிலையை எவ்வளவு கூட்டினாலும் எந்த ஃபீல்டு காணவில்லை என்பது தெரியாது, ஏனென்றால் அது நடந்தது நூலகத்துக்குள். நூலகத்தின் டீபக் வரிகளில் தேடிய வகை, பொருந்திய வகைகள், கிடைக்காமல் போனது எல்லாம் இருக்கும். புதிய லிப்பிபிஎஃப் பதிப்புகள் இந்த எண்ணைப் பார்த்ததும் லாகிலேயே விளக்கத்தை எழுதித் தருகின்றன. இப்படி உதவி செய்பவர்களுக்கு உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டும்.

திறப்பதற்கு இரண்டு வழிகள். லிப்பிபிஎஃப் 1.5 முதல் ‘லிப்பிபிஎஃப்_லாக்_லெவல்’ என்ற சூழல் மாறி இருக்கிறது. அதற்கு ‘வார்ன்’, ‘இன்ஃபோ’, ‘டீபக்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால் போதும், கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இதைக் கவனிப்பது நூலகத்தின் இயல்பான அச்சிடும் ஃபங்ஷன் மட்டுமே. லோடர் தன் சொந்த ஃபங்ஷனை வைத்திருந்தால் இந்த மாறிக்குப் பலன் இருக்காது.

இரண்டாவது வழி அந்தச் சொந்த ஃபங்ஷன்தான். ‘லிப்பிபிஎஃப்_செட்_பிரிண்ட்’ என்ற அழைப்புக்கு உங்கள் ஃபங்ஷனைக் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் அதன் நிலையோடு உங்களிடம் வரும். வேண்டியதை அச்சிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஆப்ஜெக்டைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் திறக்கும்போது வரும் வரிகள் தப்பிப்போகும். இந்த அழைப்பு முன்பிருந்த ஃபங்ஷனைத் திருப்பித் தரும் என்பதால், ஒரு சோதனைக்காகச் சற்று நேரம் மாற்றிவிட்டுப் பழையதையே திரும்ப வைக்கலாம். நல் கொடுத்தால் நூலகம் முழுதாக வாய்மூடிவிடும். வெளியீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிரல் ஏறவில்லை என்றால் கையில் மிஞ்சுவது -13 என்ற எண் மட்டும். எச்சரிக்கை வரிகளையாவது விட்டுவையுங்கள்.

சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: லோடர் தொடங்கியதும் சில பிபிஎஃப் அழைப்புகள் தோற்றுப்போவது தெரியும். கர்னலில் எந்த வசதி இருக்கிறது என்று லிப்பிபிஎஃப் சிறு நிரல்களை ஏற்றிச் சோதிக்கிறது. அவற்றைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை.

உங்கள் லோடரில் எப்படி வைப்பது

நான் ‘-வி’, ‘-விவி’ என்று ஒரே கொடியை அடுக்கி எல்லாவற்றையும் கூட்டும் முறையை விட்டுவிடச் சொல்வேன். நூலக நிலைக்கு ஒரு கொடி, வெரிஃபையர் நிலைக்கு ஒரு கொடி என்று பிரித்துவிடுங்கள். வெரிஃபையர் கொடிக்கு நிரலின் பெயரையும் ஏற்கும்படி செய்யுங்கள். ஒரே ஆப்ஜெக்டில் பத்து நிரல்கள் இருந்து ஒன்று மட்டும் தகராறு செய்தால், மற்ற ஒன்பதின் லாக் வெறும் இரைச்சல். ‘பிபிஎஃப்_ப்ரோக்ராம்__செட்_லாக்_லெவல்’ ஒரு நிரலுக்கு மட்டும் நிலை வைக்கும். ‘பிபிஎஃப்_ப்ரோக்ராம்__செட்_லாக்_பஃப்’ அதற்கு மட்டும் பஃபர் தரும். திறந்த பிறகு, ஏற்றுவதற்கு முன்பு இவற்றை அழைக்க வேண்டும். மொத்த ஆப்ஜெக்டுக்கும் வேண்டுமென்றால், திறக்கும்போது கொடுக்கும் ஆப்ஷன்களில் ‘கர்னல்_லாக்_லெவல்’ இருக்கிறது.

கொடி எதுவும் இல்லாதபோது எச்சரிக்கை மட்டும். தோல்வி வந்தால் நிலை 1 லாகை நூலகம் தானே தந்துவிடும் என்று மேலே சொன்னேன். லோடர் சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில்) ஓடினால், நீளமான லாகை சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலுக்குள் கொட்டாதீர்கள். ஜர்னலுக்கு வேக வரம்பு உண்டு. இயல்பான அமைப்பில் 30 நொடிக்கு 10000 செய்திகள் என்ற அளவைத் தாண்டினால் மீதியை விட்டுவிடும். நிலை 2 லாக் அதை எளிதில் தாண்டும். முழு லாகையும் ஒரு கோப்பில் எழுதி, ஜர்னலில் கடைசி இருபது வரிகளையும் கோப்பின் பாதையையும் மட்டும் போடுங்கள்.

லினக்ஸின் நெட்வொர்க் கட்டளைகளான டிசி, ஐபி வழியாக ஏற்றுபவர்களுக்கு, ஆப்ஜெக்ட் விவரத்தின் பின்னால் ‘வெர்போஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் வெரிஃபையர் லாக் கிடைக்கும். கோ மொழியில் சிலியம் குழுவின் நூலகத்தைப் பயன்படுத்தினால், வெரிஃபையர் பிழையைச் சாதாரணமாக அச்சிடும்போது சுருக்கம் மட்டுமே வரும். முழு லாகுக்கு ஃபார்மேட்டில் கூட்டல் குறியைச் சேர்க்க வேண்டும்.

நிரல் ஓடும்போது

‘பிபிஎஃப்_பிரிண்ட்கே’ எழுதுவது ட்ரேஸ்_பைப் என்ற பொது இடத்துக்குப் போகிறது. ‘பிபிஎஃப்டூல் ப்ரோக் ட்ரேஸ்லாக்’ அதைப் படித்துக் காட்டும். கணினியில் ஓடும் எல்லா பிபிஎஃப் நிரல்களுக்கும் அது ஒன்றேதான். ஒருவர் படித்த வரி அடுத்தவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி எழுதும் நிரலை உற்பத்திச் சூழலில் விடவே கூடாது.

அதற்காக டீபக் வரிகளை அழித்துவிட வேண்டியதில்லை. நிரலில் ‘கான்ஸ்ட் வோலடைல்’ என்று ஒரு முழு எண் மாறியை வைத்து, பிரிண்ட்கே வரிகளை அதன் மதிப்பைப் பார்க்கும் ‘இஃப்’புக்குள் போடுங்கள். ஸ்கெலிட்டனை (பிபிஎஃப்டூல் உருவாக்கித் தரும் ஏற்றும் கோடை) திறந்த பிறகு, ஏற்றுவதற்கு முன், லோடர் அந்த மதிப்பை எழுதும். அது படிக்க மட்டுமான பகுதியில் இருப்பதால் ஏற்றும்போது உறைந்துவிடும். வெரிஃபையர் அதை மாறாத எண்ணாகவே எடுத்துக்கொண்டு, ஓடாத கிளையை நிரலிலிருந்தே நீக்கிவிடும். டீபக் 0 என்றால் ஓடும்போது அந்த வரிகளுக்குச் செலவே இல்லை. இந்த வசதியை நான் எல்லா நிரல்களிலும் கட்டாயம் ஆக்கியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும் என்றால் சாதாரண குளோபல் மாறியாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நினைவக வாசிப்பு ஆகும், கிளையும் நீங்காது. ஆனால் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

யாரிடமாவது உதவி கேட்டு லாக் அனுப்பும்போது, நிலை 1-இல் எடுத்த முழு லாகை வெட்டாமல் அனுப்புங்கள். கூடவே கர்னல் பதிப்பு, கிளாங் பதிப்பு, ‘பிபிஎஃப்டூல் வெர்ஷன்’ காட்டும் வரிகள். அதில் எந்த லிப்பிபிஎஃப்போடு அது கட்டப்பட்டது என்பதும் இருக்கும். உங்கள் லோடர் வேறு லிப்பிபிஎஃப்போடு கட்டப்பட்டிருந்தால் அந்தப் பதிப்பையும் தனியாக எழுதுங்கள்.